புறநகர் மக்களும் சேகர எல்லையும்: தூத்துக்குடி தரும் ஒரு வரலாற்றுப் பாடம்

திருநெல்வேலித் திருச்சபையின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் ஊர்களின் வரலாற்றையே எழுதினர். 1799-இல் தோன்றிய முதலூர், 1814-இல் சாயர் என்பார் வாங்கிய நிலத்தில் எழுந்த சாயர்புரம், பின்னர் நாசரேத்து, மெய்ஞ்ஞானபுரம், இடையன்குடி என அவ்வரலாறு ஊர் ஊராக நடந்து செல்லும். ஒவ்வோர் ஊரிலும் நிகழ்ந்தது ஏறக்குறைய ஒன்றே. துன்பத்துக்குள்ளான புதுக் கிறிஸ்தவர்களுக்கென நிலம் தேடப்பட்டது, கிணறு வெட்டப்பட்டது, தெருக்கள் வகுக்கப்பட்டன, நடுவில் ஆலயமும் அருகில் பள்ளியும் எழுந்தன. ஊரின் எல்லையும் சபையின் எல்லையும் ஒன்றாயின. சேகரம் என்னும் அமைப்பும், சபைப் பதிவேடும், சங்கக் காணிக்கையும், அசனப் பண்டிகையும் இவ்வடிப்படையின்மேல் வளர்ந்தவையே.

இவ்வூர்களின் பேரப்பிள்ளைகளுள் பலர் இன்று நகரங்களின் விளிம்புகளில் வாழ்கின்றனர். புறநகருக்கு நிறுவியவர் எவருமிலர். அதற்கு நடுவிடம் இல்லை. முன்கூட்டி வகுத்த தெருக்களும் இல்லை. ஒரே சுவரின் இருபுறமும் வாழ்வோர் இரு வேறு மாவட்டங்களிலிருந்து வந்தோராக இருத்தல் கூடும். எனினும் ஊருக்கென வகுத்த முறையையே நாம் புறநகருக்கும் கொண்டு செல்கிறோம். இது தகுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. தூத்துக்குடி நகரைச் சூழ்ந்த புறநகர்ப் பகுதியின் நில அமைப்பையும், அங்கு மக்கள் வந்து சேர்ந்த வரலாற்றையும், அவர்கள் எண்ணப்பட்ட முறையையும் நோக்கி இதற்கு விடை காண முயல்வோம்.

1. நிலம்

தூத்துக்குடி மன்னார் வளைகுடாவின் மேற்குக் கரையில் மேடு குறைந்த தாழ்நிலத்தில் அமைந்துள்ளது. முயல் தீவும் பிற சிறு தீவுகளும் அலையின் வேகத்தைத் தணிப்பதனால் இங்குத் துறைமுகம் இயல்பாகவே அமைந்தது. ஆனால் கடலின் ஆழம் குறைவு. எனவே பெருங்கப்பல்கள் கரையினின்றும் பல கல் தொலைவில் நங்கூரமிட, தோணிகளே சரக்குகளை ஏற்றியும் இறக்கியும் வந்தன. கடலினுள் நிற்கும் பவளப் பாறைகள் கரைக்கு அரணாக இருந்தன. அவற்றை வெட்டிச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பயன்படுத்திய காலம் நெடியது. அதன் விளைவாக இக்கடலின் விலங்குசல்லித் தீவு நீருள் மூழ்கிவிட்டது. வான் தீவு பெரிதும் தேய்ந்துள்ளது.

தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுகிறது. ஆண்டு மழை ஏறத்தாழ 65 சென்டிமீட்டரே. அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான காலத்தில் பெய்துவிடும். எஞ்சிய மாதங்களில் வறண்ட காற்றும் கடும் வெயிலுமே உள்ளன. உழவனைத் துன்புறுத்தும் இவ்வானிலை உப்பளத்துக்கு ஏற்றதாயிற்று.

நகரை விட்டு வெளியே செல்வோர் மூன்று திசைகளிலும் மூவகை நிலங்களைக் காண்பர். தெற்கே, திருச்செந்தூர் சாலையில், முத்தையாபுரமும் முள்ளக்காடும் உள்ளன. இங்குச் சாலைக்கும் கடலுக்கும் இடையே உப்பளங்கள் பரந்துள்ளன. சற்று உள்ளே தள்ளி, தாமிரபரணி நீர் பாயும் அத்திமரப்பட்டியில் வாழைத் தோட்டங்கள் உள்ளன. மேற்கே கோரம்பள்ளம் குளம். ஸ்ரீவைகுண்டம் அணையின் வடகால் நீர் கடைசியாக வந்து சேருமிடம் இதுவே. அதற்கு வடமேற்கே மடத்தூரும் மீளவிட்டானும் வானம் பார்த்த நிலங்கள். வடக்கே சங்கரப்பேரியும் மாப்பிள்ளையூரணியும் தாளமுத்து நகரும் உப்பளத்துக்கும் கரிசலுக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்தில் அமைந்துள்ளன. சுருங்கக் கூறின், உப்பும் குளமும் மானாவாரியும் சேர்ந்ததே இப்புறநகர். இவற்றுள் எதுவும் மனிதர் நெருங்கிக் குடியிருப்பதற்கென ஆயத்தமான நிலமன்று.

இந்நிலத்தை வாசிக்கக் கற்பித்தவர்களுள் ஒருவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரே என்பது நினைவுகூரத்தக்கது. 1877-இல் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட கால்டுவெல், கொற்கையிலும் பழைய காயலிலும் மண்ணைத் தோண்டி ஆராய்ந்தார். 1881-இல் திருநெல்வேலி மாவட்ட வரலாற்றை வெளியிட்டார். கிரேக்க நூலோர் அறிந்திருந்த கொற்கையும், 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்ட காயலும் துறைமுகங்களாக நிலைக்காமற் போனமைக்குத் தாமிரபரணி கொணர்ந்த வண்டலே காரணம் என அவர் விளக்கினார். ஆறு மண்ணைக் கொட்டக் கொட்டக் கடல் விலகியது. கடல் விலக மக்கள் அதன் பின்னே சென்றனர். மண்ணையும் நீரையும் அறியாமல் மக்களின் வரலாற்றை அறிய இயலாது என்பதே அந்த ஆயர் விட்டுச்சென்ற பாடம்.

2. மக்கள் வந்த வழி

இக்கரையின் மக்கள் பெருக்கம் ஒரே வெள்ளமாக வந்ததன்று. அலை அலையாக வந்தது. ஒவ்வோர் அலையையும் மக்களின் விருப்பத்தைவிடப் பிறருடைய தீர்மானமே மிகுதியாக எழுப்பியது.

முதலாவது, முத்துக் குளிப்பு. இதனைச் சலாபம் என்பர். முத்துச்சிப்பி விளைந்த ஆண்டுகளில் மட்டும் சலாபம் நடைபெறும். அவ்வேளையில் குளிகாரரும், தோணிக்காரரும், வணிகரும், சில்லறை விற்பனையாளரும், காவலரும் கரையிற் குவிந்து ஓலைக் கொட்டகை நகர் ஒன்றை எழுப்புவர். சில வாரங்களில் அந்நகர் கலைந்துபோகும். இக்கரையின் முதற் புறநகர் இதுவே எனலாம். அரசு வரி பெறுவதற்காகக் கூடி, வரி பெற்று முடிந்ததும் கலைந்த நகர் அது. 1955 முதல் 1961 வரை நடைபெற்றவையே தூத்துக்குடிக் கடலின் கடைசிச் சலாபங்கள்.

சலாபத்தின் பொருட்டே மேனாட்டார் இக்கரைக்குப் போட்டியிட்டனர். 1535-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரதவ மக்கள் போர்ச்சுக்கீசியரின் காப்பை நாடித் திருமுழுக்குப் பெற்றனர். 1542 முதல் பிரான்சிஸ் சவேரியார் அவர்களிடையே பணிபுரிந்தார். 1658-இல் டச்சுக்காரர் நகரைக் கைப்பற்றினர். 1750-இல் அவர்கள் எழுப்பிய சீர்திருத்தச் சபை ஆலயம் இன்றும் பரிசுத்த திரித்துவ ஆலயமாக நிற்கிறது. எனினும் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆட்சியில் டச்சுத் திருச்சபை கடற்கரை மக்களிடையே வேரூன்றவில்லை. 1713-இல் அர்ச்சிக்கப்பட்ட பனிமய மாதா கோயிலே அம்மக்களின் நடுவிடமாக நிலைத்தது. ஆட்சியின் துணை ஒரு கட்டடத்தை எழுப்பலாம். மக்களுக்கு அதனைச் சொந்தமாக்க அதனால் இயலாது. சீர்திருத்த மரபினராகிய நாம் இதனைப் பொறாமையின்றிச் சிந்தித்தல் நன்று.

இரண்டாவது அலை பஞ்சும் இருப்புப் பாதையும் கொணர்ந்தது. 1825-இல் நகர் நிலையாக ஆங்கிலேயர் கைக்கு வந்தது; 1866-இல் நகராட்சியாயிற்று; 1870-களில் இருப்புப் பாதை வந்தது. கரிசல் நாட்டின் பருத்தி இவ்வழியே கப்பலேறியது. 1888-இல் ஹார்வி குழுமத்தார் கோரல் மில்லை நிறுவினர். உள்நாட்டு ஊர்களிலிருந்து வணிகரும் கூலிகளும் நகரில் வந்து குடியேறினர். 1883-இல் சாயர்புரத்துக் கல்லூரியைக் கால்டுவெல் தூத்துக்குடிக்கு மாற்றியமையும் இம்மாற்றத்தின் அறிகுறியே. ஊர்ச்சபையின் பிள்ளைகளுக்கு நகரில்தான் எதிர்காலம் என்பதை மிஷன் உணரத் தொடங்கியது.

மில்லுக்கு வந்த மக்களின் நிலை யாது? 1908 பிப்ரவரி 27-இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணைநின்றனர். கூலி உயர்வும், வேலை நேரக் குறைப்பும், ஞாயிறு விடுமுறையும் அதனால் கிடைத்தன. ஆண்டவருடைய நாளின் ஓய்வைக் குறித்து நாம் எத்தனையோ அருளுரைகள் ஆற்றியுள்ளோம். இந்நகரின் ஆலைத் தொழிலாளருக்கு அவ்வோய்வைப் பெற்றுத் தந்தது வேலைநிறுத்தமே என்பதைத் திருச்சபை வரலாற்று மாணவர் மறத்தல் ஆகாது.

மூன்றாவது அலையே இன்றைய புறநகரை உருவாக்கியது. நகருக்குத் தென்கிழக்கே, ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நீளமுள்ள இரு அலைத்தடுப்புச் சுவர்களைக் கடலுள் கட்டி அமைத்த புதிய துறைமுகம் 1974 ஜூலை 11-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. முத்தையாபுரத்தை அடுத்து ஸ்பிக் உர ஆலை 1975-இல் உற்பத்தியைத் தொடங்கியது. கனநீர் ஆலையும் அங்கு வந்தது. துறைமுகத்தை ஒட்டிய அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979-இல் இயங்கத் தொடங்கியது. பின்னர் அது ஐந்து அலகுகளாக வளர்ந்தது. 1986-இல் புதிய மாவட்டம் பிறந்து, ஆட்சியர் அலுவலகம் பின்னர் கோரம்பள்ளத்தில் அமைந்தது. மீளவிட்டானில் சிப்காட் தொழிற்பேட்டையும், 1990-களில் ஸ்டெர்லைட் தாமிர ஆலையும் வந்தன. ஆலைகளுக்கு உள்ளே வேலை பெற்றோர் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். ஒப்பந்தக் கூலிகளும், சுமை தூக்குவோரும், லாரி ஓட்டுநரும், நகரில் வாடகை கொடுக்க இயலாதோரும் மனை விலை குறைந்த இடங்களைத் தேடினர். மனை விலை குறைந்த இடம் தாழ்ந்த இடமாகவே இருந்தது.

இவ்வலைகளுக்கெல்லாம் அடியில் அசையாமல் இருந்த கூட்டம் உப்பளத் தொழிலாளர். அதிகாலை இருட்டிலேயே அளத்துக்குச் சென்று, பாத்தியில் உப்பு வாரி, தலைச்சுமையாகக் கொண்டு அம்பாரம் சேர்ப்பது அவர்கள் தொழில். வெண்ணிற உப்பின்மேல் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணைக் கெடுக்கும். உவர்நீர் காலைப் புண்ணாக்கும். மழைக்காலத்தில் வேலையே இல்லை. அம்மாதங்களுக்கென ஒரு குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது 2022-இல் தான். நாடெங்கும் உணவில் சாரம் சேர்க்கும் கைகள் இவை. இவர்களுட் பெரும்பாலோர் பெண்கள்.

3. எண்ணிக்கை

1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தூத்துக்குடியின் மக்கள் தொகை 28,048. 2011-இல் பழைய நகர எல்லைக்குள் 2,37,830 பேர் வாழ்ந்தனர். ஆண்கள் 1,000 பேருக்குப் பெண்கள் 1,010 பேர். நூற்றுப்பத்து ஆண்டுகளில் ஏறத்தாழ எட்டரை மடங்கு வளர்ச்சி. ஆயினும் 1991 முதல் 2011 வரையிலான இருபது ஆண்டுகளில் பழைய எல்லைக்குள் கூடியவர் நாற்பதாயிரம் பேருக்கும் குறைவே. நகர் நிரம்பிவிட்டது, வளர்ச்சி எல்லைக்கு வெளியே நிகழ்ந்தது.

2008-இல் தூத்துக்குடி மாநகராட்சியாக உயர்ந்தது. 2011-இல் மீளவிட்டான், சங்கரப்பேரி, தூத்துக்குடி ஊரகம், முத்தையாபுரம், அத்திமரப்பட்டி ஆகிய ஊராட்சிகள் அதனுடன் இணைக்கப்பட்டன. அதனால் 13.47 சதுர கிலோமீட்டராக இருந்த பரப்பு ஏறத்தாழ 90.66 ஆயிற்று; மக்கள் தொகை 3,72,408 ஆயிற்று. அதாவது ஏறத்தாழ 1,34,500 பேர் வீட்டை விட்டு நகராமலே மாநகர மக்களாயினர். பழைய நகரில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 17,600 பேர் நெருங்கி வாழ, சேர்க்கப்பட்ட பகுதியில் சராசரி 1,750 பேருக்கும் குறைவே. ஆனால் இச்சராசரி நம்மை ஏமாற்றும். ஆளில்லாத உப்பளமும் வாழைத் தோட்டமும் அக்கணக்கில் அடங்கும். மக்களோ சாலையோரங்களிலும் குளக்கரைகளிலும் செறிந்துள்ளனர்.

நிற்க. எண்ணுவது எதற்காக என்னும் வினாவைத் திருமறை இருமுறை எழுப்புகிறது. 2 சாமுவேல் 24-இல் தாவீது தன் படைபலத்தை அறிய மக்களை எண்ணினான், அது குற்றமாயிற்று. லூக்கா 15-இல் மேய்ப்பன் தன் ஆடுகளை எண்ணியதனாலேயே ஒன்று குறைவதை அறிந்தான், அது அன்பாயிற்று. எண்ணும் செயல் ஒன்றே, நோக்கமே வேறு. சலாபத்துக்குக் கூடியோரை அரசு எண்ணியது பங்கு பெறுவதற்காக. ஆலை தன் ஆட்களை எண்ணுவது கூலிப் பட்டியலுக்காக. நாம் எதற்காக எண்ணுகிறோம்?

நம் பதிவேட்டைத் திறந்து பார்ப்போமானால் விடை ஓரளவு புலப்படும். புறநகரில் வாழும் நம் குடும்பங்களிற் பல இன்னும் தாயூரின் பதிவேட்டிலேயே உள்ளன. சங்கக் காணிக்கையை அங்கேயே செலுத்துவர். அசனத்துக்கு அங்கேயே செல்வர். கல்லறைத் தோட்டத்தில் இடமும் அங்கேயே. இப்பற்று இழிவானதன்று, வேரை மறவாமை நன்றே. ஆனால் இதன் விளைவாக, வாழும் இடத்தில் அவர்கள் விருந்தினராகவே இருந்துவிடுகின்றனர். தாயூர்ப் பதிவேடு பெரும்பாலும் ஓர் உறவுக் கூட்டத்தின் பதிவேடு. அதனையே புறநகர்ச் சபைக்கும் அளவுகோலாக வைத்தால், ஒரே தெருவில் ஒரே திருமுழுக்குப் பெற்றோரே தம்முள் அறிமுகமின்றி, சாதி வழியே பிரிந்து, வெவ்வேறு கூடங்களில் வழிபடுவர். பதிவேட்டில் பெயரில்லாத உப்பளத் தொழிலாளியோ எவருடைய எண்ணிக்கையிலும் இடம்பெறுவதில்லை.

4. ஒரே காற்றும் ஒரே வெள்ளமும்

பதிவேடுகள் மக்களைப் பிரித்து எண்ணலாம். நிலம் அவ்வாறு எண்ணுவதில்லை. அண்மைக்கால நிகழ்ச்சிகள் இரண்டு இதனைக் காட்டின.

முதலாவது காற்று. 2018 பிப்ரவரியில் தாமிர ஆலை விரிவாக்கத்தை எதிர்த்து ஆ. குமரரெட்டியார்புரம் மக்கள் போராடத் தொடங்கினர். ஆலையை அடுத்த சிற்றூரார் தொடங்கிய அப்போராட்டத்தில் கடற்கரை மீனவரும் நகர வணிகரும் மாணவரும் இணைந்தனர். போராட்டத்தின் நூறாம் நாளாகிய மே 22-இல் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்றோர்மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. அவ்வாறு சுடப்பட்டும் தாக்கப்பட்டும் 13 பேர் உயிரிழந்தனர். அம்மாதம் 28-இல் ஆலையை மூட அரசு ஆணையிட்டது. 2024 பிப்ரவரி 29-இல் ஆலை நிறுவனத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளியது. ஆலையில் வேலை இழந்தோரின் துன்பமும் உண்மையே. அதனை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் கடலோரமும் மானாவாரிச் சிற்றூரும் ஒரே காற்றைச் சுவாசிக்கும் ஒரே மக்கள் என்பதை அந்நாட்கள் உணர்த்தின.

இரண்டாவது நீர். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தென் மாவட்டங்களில் பெருமழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஓராண்டில் பெய்ய வேண்டியதைவிட இது மிகுதி. தாமிரபரணி கரைபுரண்டது. கோரம்பள்ளம் குளம் உடைந்தது. குளத்துக்கும் கடலுக்கும் இடையே, முன்னர் நீர் வழிந்தோடிய தாழ்நிலமெல்லாம் இப்போது குடியிருப்பாக இருந்தமையால், நீர் வீடுகளுக்குள் புகுந்தது. பல பகுதிகளில் பல நாட்கள் வடியவில்லை. உப்பளங்களில் சேர்த்திருந்த உப்பு கரைந்துபோயிற்று. கிறிஸ்தவர், இந்து, இசுலாமியர் என்றோ, தென்னிந்தியத் திருச்சபையார், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தேயார் என்றோ நீர் வேறுபாடு காட்டவில்லை. மேடு, பள்ளம் என்னும் ஒரே வேறுபாட்டையே அது அறிந்திருந்தது. பள்ளத்தில் இருந்தோர் பெரும்பாலும் வறியோர்.

5. சேகரத்தின் எல்லை எது?

மேற்கூறியவற்றால் நாம் பெறும் முடிபு இது: ஊரில் சேகரம் என்பது உறுப்பினர் தொகுதி, புறநகரில் அது நிலப்பரப்பாக இருத்தல் வேண்டும். சேகரம் என்னும் அமைப்பின் பழைய பொருளும் இதுவே. ஒரு நிலப்பரப்பில் வாழும் அனைவருடைய நலத்துக்கும் ஆயர் பொறுப்பாளர் என்பதே அதன் உட்கிடை. கிறிஸ்தவ ஊர்களில் அனைவரும் உறுப்பினராக இருந்தமையால் இவ்விரு பொருளும் ஒன்றாகவே தோன்றின. புறநகர் அவற்றைப் பிரித்துக் காட்டுகிறது.

இது நடைமுறையில் யாது கோரும்? புறநகர்ச் சேகரத்துக்கு அனுப்பப்படும் குருவானவர், பதிவேட்டைப் பெறும் அன்றே அப்பகுதியின் வரைபடத்தையும் தேடிப் பெறுதல் வேண்டும். குளம் எது, அதன் மறுகால் எவ்வழியே செல்கிறது, எத்தெரு பள்ளத்தில் உள்ளது, குடிநீர் எத்தனை நாட்களுக்கு ஒருமுறை வருகிறது என்பனவற்றை அவர் அறிதல் வேண்டும். அளத்துக்குச் செல்லும் பெண்கள் எந்நேரத்தில் வீடு திரும்புகின்றனர் என்பதை அறியாமல் ஞாயிறு ஆராதனைக்கோ பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்கோ நேரம் குறித்தல் ஆகாது. மழைக்காலம் வருமுன் ஆலயத்தின் மாடியும் பள்ளிக் கூடமும் எவருக்குத் திறக்கப்படும் எனச் சேகர மன்றம் தீர்மானித்திருத்தல் வேண்டும். உறுப்பினருக்கு மட்டும் என்று தீர்மானிக்கும் மன்றம், தான் எந்த நிலத்தில் நிற்கிறது என்பதை அறியாத மன்றம். இறையியல் மாணவர் ஒவ்வொருவரும் தம் களப்பணிக் காலத்தில் ஒரு புறநகர்த் தெருவின் வீடுகளைக் கால்நடையாகச் சென்று கேட்டறிந்து எழுதுவாராயின், அது தேர்வுக்குப் படிக்கும் எப்பாடத்துக்கும் குறைந்ததாகாது.

தாயூர்ப் பற்றைத் துறக்க வேண்டுமா எனச் சிலர் வினவலாம். வேண்டுவதில்லை. பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டோருக்கு எரேமியா எழுதிய கடிதம், அதாவது அவர் நூலின் 29-ஆம் அதிகாரம், எருசலேமை மறக்குமாறு கூறவில்லை. தாங்கள் தெரிந்துகொள்ளாத நகரில் வீடு கட்டவும், தோட்டம் வைக்கவும், அந்நகரின் நலனைத் தேடவும் அது பணித்தது. அந்நகரின் நலனிலேயே அவர்கள் நலன் அடங்கியுள்ளது என்பது அதன் காரணம். தூத்துக்குடிப் புறநகரில் வாழ்வோரும் பெரும்பாலும் தாங்கள் தெரிந்துகொள்ளாத இடத்துக்கு ஆறும் ஆலையும் துறைமுகமும் கொண்டுவந்து சேர்த்தவர்களே.

முதலூரை நிறுவியோர் வீடிழந்த மக்களுக்கு நிலம் தேடினர். அவர்களுடைய விசுவாசம் நிலத்தைப் பற்றிய கவலையாகவே வெளிப்பட்டது. அவர்கள் வகுத்த எல்லைக்கல்லை அப்படியே கொண்டுபோய்க் கோரம்பள்ளத்துக் கரையில் நடுவதனால் நாம் அவர்களுக்கு உண்மையுள்ளவர்களாகிவிட மாட்டோம். பள்ளத்தில் நிற்பவன் எவன் எனத் தேடிச் சென்று, அவன் பெயரை முதலில் எழுதுவோமாயின், 2003-இல் உருவான தூத்துக்குடி நாசரேத் திருமண்டலத்தின் வரலாற்றிலும் முதலூர்கள் மீண்டும் தோன்றும்.